நுணாக் கட்டையின் வயது

பங்குனி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஆலங்கரையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும் வருமாறு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ. தியாகேசன், பண்ணை வீட்டிலிருந்து வந்த பிரம்பு நாற்காலியில், வாய்க்கால் கரைப் புங்கமரத்தின் நிழலில். அவருக்கு வலப்பக்கம் பெஞ்சில் கர்ணம், மடியில் கணக்குக் கட்டோடு. அதே பெஞ்சின் மறு நுனியில் பஞ்சநதம் பண்ணையின் காரியஸ்தர் இராஜாங்கம், சலவைச் சட்டை கசங்காமல். தலையாரி கோவிந்தராசு நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. மனு கொடுத்த ராமாயியும் அவள் புருஷன் அரசப்பனும் நிழலுக்கு வெளியே, வெறுந்தரையில். நிழலுக்கு வரச் சொல்லி ஆர்.ஐ. இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். "எங்க மனையிலதாங்க உக்காந்திருக்கேன். இங்கயே இருக்கேன்" என்று ராமாயி அசையவில்லை. கடைசல்காரர் மீரா உசேன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில், அடுக்கிக் கிடந்த நுணாக் கட்டைகளின் ஓரம், குத்துக்காலிட்டு.

அந்த நடு இடம் அவராகப் பார்த்து உட்கார்ந்ததல்ல. விடியற்காலையில் தலையாரி வந்து, "மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கணுமாம், ஆர்.ஐ. கூப்புடுறாரு" என்று அழைத்து வந்து அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனான்.

வழக்கு இதுதான். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனி மாதத்தில் பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருந்த கூலிக்காரருக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ராமாயி அங்கே பதினாறு வருஷமாகக் குடியிருந்தவள். இந்த மாசி மாதம் புருஷனும் பெண்டாட்டியும் மன்னார்குடிப் பக்கம் அறுப்புக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது குடிசை இல்லை. அடுப்புக் கல்கூட இல்லை. தரை வழித்து மெழுகியது போல் இருந்தது. கொல்லையில் நின்ற நுணா மரங்கள் மூன்றும் இல்லை. குடிசை இருந்த இடத்தில் தொடைப் பருமனில் நுணாக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

இராஜாங்கத்தின் வாக்குமூலம் சுருக்கமாக இருந்தது. "இது எங்க விறகுக் கட்டை அடுக்குற இடம் சார். இந்த அடுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்துன சித்திரையிலேருந்து இங்கதான் கெடக்கு. கட்டை கெடந்த எடத்துல குடிசை எப்படி இருக்கும்?"

கர்ணம் கணக்கைப் புரட்டினார். அதில் அந்த இடம் களத்துமேடு என்றிருந்தது. குடிசை என்று ஒரு வரி இல்லை.

"எங்க பேரை எந்தக் காலத்துல எழுதுனீங்க, இப்ப எழுத?" என்றாள் ராமாயி. "அந்தக் கட்டை எங்கொல்லை மரம். நான் வச்சது. அதைக் கேளுங்க."

ஆக, கட்டைதான் சாட்சி. அது அந்த ஆனிக்கு முந்தின சித்திரையில் வெட்டியதென்றால் மனை பண்ணைக்கு. மாசியில் வெட்டியதென்றால் ராமாயிக்கு.

ஆர்.ஐ. திரும்பினார். "நீங்க கடைசல் வேலைக்காரர்தானே? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. இது எப்ப வெட்டுன மரம்?"

மீரா உசேன் முப்பது வருஷமாக நுணாவைக் கடைந்தவர். உப்புக்கும் புளிக்கும் வீட்டுக்கு வீடு புழங்குகிற மரவை, அந்தக் கையகலக் கிண்ணம், அவர் கையிலிருந்து ஆயிரக்கணக்கில் போயிருக்கிறது. பச்சை மரமாக இருக்கும்போதே கடைந்தால்தான் உளி இறங்கும் என்பதால் வெட்டின மறுநாளே மரம் அவர் பட்டறைக்கு வந்துவிடும். கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். பட்டையை உரித்து, சேற்றைப் பூசிக் காயவிட்டிருந்தார்கள். இரண்டு முனையையும் அறுத்து அதிலும் சேறு. எல்லாம் மேல்பூச்சு. ஒரு முனையைத் தூக்கிக் கனம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகாத மரம்.

சொல்ல வாயெடுத்தவர் இராஜாங்கத்தைப் பார்த்தார். ஆலங்கரையில் நுணா நிற்பது பண்ணைக் கொல்லைகளில். வருஷத்துக்கு இருபது மரம் இராஜாங்கம் கை காட்டி விட்டால்தான் பட்டறை ஓடும். காரியஸ்தர் அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மேலே பாத்துச் சொல்ற விஷயம் இல்லைங்க" என்றார் மீரா உசேன். "கடைஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

நழுவுவதற்காகச் சொன்ன சொல் அது. ஆர்.ஐ. அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "சரி, கடைங்க. இங்கயே, எல்லார் முன்னாடியும்."

அரை மணியில் பட்டறை வந்து சேர்ந்தது. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் அடிக்கிற இரண்டு முளை, நடுவில் உருளும் தண்டு, தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிறு. ஒருவர் எதிரே உட்கார்ந்து கயிற்றை இடமும் வலமும் இழுக்க வேண்டும். வீட்டில் அதை அவர் மனைவி கமருன்னிஸா இழுப்பாள். இங்கே அரசப்பன் எழுந்து வந்தான்.

"ஏய், நீ உக்காரு" என்றார் இராஜாங்கம். "வழக்குக்காரன் கயிறு இழுத்தா மரம் அவன் பேச்சைத்தான் பேசும்."

"அப்ப நீங்க இழுங்களேன்" என்றாள் ராமாயி. "சட்டையைக் கழட்டிப்புட்டு."

கர்ணம் இருமிக்கொண்டார். கடைசியில் தலையாரி கோவிந்தராசு கயிற்றைப் பிடித்தான்.

அடுக்கின் நடுவிலிருந்து ஆர்.ஐ. கை காட்டிய கட்டையில் ஒரு சாண் துண்டு அறுத்து, பிளந்து, நடுவில் ஓடும் நெஞ்சுப் பகுதியை ஒதுக்கி, தண்டில் பொருத்தினார் மீரா உசேன். உளி தொட்டது. உலர்ந்த மரமாக இருந்தால் தூளாக உதிரும். இது முழ நீளத்துக்கு ஈர நாடாவாகச் சுருண்டு வந்தது. மஞ்சளாகச் சாறு தெறித்து இராஜாங்கத்தின் சலவைச் சட்டையில் கோடு போட்டது.

"சாறு வடியுது பாருங்க!" என்றான் அரசப்பன்.

"தையில பேய் மழை பேஞ்சுது, மறந்துட்டியா?" இராஜாங்கம் சட்டையைத் துடைத்தார். "ரெண்டு வருஷம் கெடந்த கட்டை தண்ணி குடிச்சிருக்கு. என்ன ராவுத்தரே, நனைஞ்ச கட்டை இப்படித்தானே வரும்?"

மீரா உசேன் கயிற்றை நிறுத்தச் சொன்னார். பதில் சொல்லியே தீர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். "ஒரு தடவை காஞ்ச மரம் மறுபடி நனைஞ்சாலும் அதோட வடிவம் மாறாதுங்க. பச்சை மரம் அப்படி இல்ல. இப்ப வட்டமாக் கடைஞ்சு வச்சா, காயக் காய, நார் ஓடுற பக்கம் அப்படியே இருக்கும், குறுக்குப் பக்கம் சுருங்கும். எட்டு நாள்ல கிண்ணம் நீள்வட்டமாயிரும்."

"பழைய மரம்னா?"

"வட்டமாவே இருக்கும்."

ஆர்.ஐ. ஒரு நூலை எடுத்து, கடைந்து முடித்த கிண்ணத்தின் வாயை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தார். ஒரு மயிரளவும் வித்தியாசமில்லை. அடியில் அழியாத காப்பி பென்சிலால் கையெழுத்துப் போட்டு, காடாத் துணிப் பையில் இட்டு, வாயைக் கட்டி முத்திரை வைத்தார். நூலைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். பை யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தபோது, "ராவுத்தர்கிட்டயே இருக்கட்டும்" என்று முந்திக்கொண்டவர் இராஜாங்கம்தான். ராமாயி அதைக் கேட்டு மீரா உசேனை ஒரு பார்வை பார்த்தாள்.

வியாழக்கிழமை இராஜாங்கம் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. வேலியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"தெற்குக் கொல்லையில பதினோரு நுணா நிக்குது ராவுத்தரே. ஒரே பருமன். ஐயா உங்களையே வெட்டிக்கச் சொல்லிட்டாங்க."

"சந்தோசங்க."

"செவ்வாய்க்கிழமை கிண்ணம் வட்டமா இருந்தா எல்லாருக்கும் சந்தோசம்."

சைக்கிள் போனதும் கமருன்னிஸா உள்ளிருந்து வந்தாள். "என்ன சொல்லப் போறீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது? கிண்ணம் சொல்லும். நம்ம வாயத் திறக்கவே வேணாம்."

இரண்டு நாளாக அவருக்கு அதுதான் ஆறுதல். மரம் தானே கோணிக்கொள்ளும், ஆர்.ஐ. தானே அளந்துகொள்வார், யாரும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய் காலையில் குளித்துவிட்டுப் பையை எடுக்கப் போனார். மாடத்தில் இல்லை. பெட்டிமேல் இல்லை. பட்டறை மூலைக்குப் போய் ஈரச் சீவல் குவியலைக் கிளறினார். விற்பனைக்குக் கடைந்த ஏழு கிண்ணங்களோடு சேர்ந்து, அந்தப் பையும் அங்கே புதைந்து கிடந்தது.

யாரும் திருடி ஒளித்து வைக்கவில்லை. போன செவ்வாய் வீட்டுக்கு வந்ததும் அவர் கையே வைத்த இடம் அது. புதிதாகக் கடைந்த பச்சைக் கிண்ணத்தை அதனுடைய ஈரச் சீவலுக்குள்ளேயே மூடி வைத்தால்தான் வெடிக்காமல் மெள்ள உலரும். முப்பது வருஷப் பழக்கம். புத்தி வழக்கை நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை வேலையைப் பார்த்துவிட்டது. கமருன்னிஸா தினமும் சாயந்திரம் குவியலின் மேல் தண்ணீர் தெளித்து வந்திருக்கிறாள். பையைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. துணிக்கு மேலாகவே விரலை ஓட்டினார். வாய் வட்டம் கொஞ்சமும் குலையவில்லை.

"இதைத் தூக்கிட்டுப் போனா நான் விலைபோயிட்டேன்னுதான் சொல்வாங்க" என்றார்.

"போகாம இருந்தா மட்டும்?" என்றாள் அவள்.

இரண்டாவது கூட்டத்திலும் எல்லோரும் அவரவர் பழைய இடத்தில்தான். முத்திரை சரியாக இருக்கிறதா என்று ஆர்.ஐ. பார்த்தார், சரியாக இருந்தது. அவிழ்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார், இருந்தது. நூலை எடுத்து நெடுக்கில் வைத்தார், குறுக்கில் வைத்தார். மறுபடி வைத்தார்.

"ஒண்ணும் மாறலையே" என்றார்.

இராஜாங்கம் இரண்டு கையாலும் தொடையைத் தட்டினார். "ராவுத்தர் நாணயமான மனுசன் சார். அவர் சொன்னபடி பாத்தா இது பழைய மரம். எழுதிக்குங்க."

ராமாயி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "எத்தனை மரத்துக்குங்க பாய்?"

மீரா உசேன் இப்போது பேசாமல் இருந்தால் போதும். தெற்குக் கொல்லையின் பதினோரு மரமும் வரும். யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. அவளுக்கு மட்டும் தலைக்கு மேல் கூரை இருக்காது.

"பதினொண்ணு தர்றதாச் சொன்னாங்க" என்றார். "நான் வாங்கல. ஆர்.ஐ. சார், இது என் தப்பு. பழக்கத்துல ஈரச் சீவல்ல மூடி வச்சுட்டேன். பையத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கும். தண்ணி தெளிச்ச எடத்துல மரம் எப்படிக் காயும்?"

ஆர்.ஐ. பையைப் பிசைந்து பார்த்தார். விரலில் ஒட்டிய மஞ்சள் சீவலையும் பார்த்தார்.

"எட்டு நாள் கெடு வச்சவர் அவர்" என்றார் இராஜாங்கம். "கெடு முடிஞ்சதும் சாக்கு சொல்றார். நல்லா இருக்கே நியாயம்!"

"இன்னொரு எட்டு நாள் எனக்கு இல்ல" என்றார் ஆர்.ஐ. "இன்னிக்குத் தபால்ல அறிக்கை போயாகணும். உச்சிப் பொழுதுக்கு மேல நான் காத்திருக்க முடியாது."

"உச்சி வரைக்கும் போதுங்க" என்றார் மீரா உசேன். "இப்பவே வெயில்ல வைங்க. பச்சையா இருந்தா இந்தப் பங்குனி வெயில் அதைச் சும்மா விடாது."

"வெயில்ல வச்சா எந்தக் கிண்ணந்தான் தாங்கும்?" என்றார் இராஜாங்கம்.

ஆர்.ஐ. அவர் பக்கம் திரும்பினார். "உங்க பண்ணை வீட்டுச் சமையல்கட்டுல உப்பு மரவை இருக்குமே, காரியஸ்தரே?"

இராஜாங்கம் பதில் சொல்வதற்குள் தலையாரி ஓடிவிட்டான். உப்பைக் கொட்ட இடமில்லை என்று சமையல்காரம்மா திட்டியதாகச் சொல்லிக்கொண்டே, ஆறு வருஷத்துக்கு முன் மீரா உசேனே கடைந்து கொடுத்த நுணா மரவையைக் கொண்டுவந்தான். மனையின் நடுவில் ஒரு முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மணி பத்தேகால்.

பதினொரு மணி வரை இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மீரா உசேனுக்கு வியர்த்தது வெயிலால் மட்டுமல்ல. அந்தக் கிண்ணத்தை அவர் வெடிக்காதபடிக்குக் கடைந்திருந்தார். நெஞ்சுப் பகுதியை ஒதுக்கியிருந்தார். கணு இல்லாத இடமாகப் பார்த்து எடுத்திருந்தார். சுவரை எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இழைத்திருந்தார். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் கூடுதலாகவே கவனம் எடுத்துக்கொண்டார். இப்போது அந்த நல்ல வேலை ராமாயிக்கு எதிராக உட்கார்ந்திருந்தது. தன் கையால் ஆன ஒரு கிண்ணம் கெட்டுப்போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேண்டிக்கொண்டார்.

"நெழல்ல ஒக்காருங்க பாய்" என்றான் அரசப்பன் தாழ்ந்த குரலில்.

"இருக்கட்டும்."

"பேசுனது மனசுல வச்சுக்காதீங்க. அவ அப்படித்தான்."

"அவங்க கேட்டது சரிதான்" என்றார்.

இராஜாங்கம் பெஞ்சை விட்டு எழுந்து முறத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் நிழல் கிண்ணத்தின் மேல் விழுந்தது.

"அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்றாள் ராமாயி. "கிண்ணத்துக்குக் குடை புடிக்கிறீங்களோ?"

"யாருக்குடி அண்ணன்?"

"சரி, ஐயா. அந்தாண்ட போங்க ஐயா."

"நகருங்க" என்றார் ஆர்.ஐ.

பதினொன்றே முக்காலுக்கு ஆர்.ஐ. வந்து குனிந்து நூலை வைத்தார். நெடுக்கில் சரியாக இருந்தது. குறுக்கில் நூல் ஒரு நெல் அகலம் மிஞ்சியது. கர்ணத்தைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். அவருக்கும் ஒரு நெல் மிஞ்சியது. பண்ணை வீட்டு மரவையை அளந்தார்கள். அது எப்படி வந்ததோ அப்படியே இருந்தது.

"நூலை இழுத்துப் புடிச்சா நெல்லும் மிஞ்சும், தேங்காயும் மிஞ்சும்" என்றார் இராஜாங்கம். குரலில் பழைய தெம்பு இல்லை. "ஒரு நெல்லுக்காக ஒரு மனையா? இதை எழுதி அனுப்பினா தாசில்தார் சிரிப்பார் சார்."

ஆர்.ஐ. பேனாவை மூடி யோசித்தார். அந்த யோசனைதான் மீரா உசேனைப் பயமுறுத்தியது. ஒரு நெல் என்பது கடைசல்காரனுக்குப் பெரிய அளவு. காகிதத்தில் எழுதினால் ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்த ஆர்.ஐ. நாற்காலியை நோக்கித் திரும்பினார்.

டக்கென்று ஒரு சத்தம். சுள்ளி முறிந்தது போல, அவ்வளவுதான். வாய்க்காலில் நின்ற கொக்குகூடப் பறக்கவில்லை. ஆனால் ராமாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து அடி வரை நார் ஓடும் வாக்கில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்று, மஞ்சள் உள்மரம் தெரிந்தது. பக்கத்தில் பண்ணை வீட்டு மரவை உப்புக்கறையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

மீரா உசேன் உடைந்த கிண்ணத்தை எடுத்தார். வெடிப்பில் விரல் நுனியைத் தேய்த்து ஆர்.ஐ.யின் கையில் தடவினார். ஈரம்.

"ரெண்டு வருசக் கட்டை இல்லைங்க. மாசியில வெட்டுனது. இதை நான் மொத நாளே, தொட்ட உடனே சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டுச் சொல்லல. அதையும் எழுதிக்குங்க."

ஆர்.ஐ. எழுத ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் அட்டையை வைத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். அடுக்கியுள்ள கட்டைகள் அண்மையில் வெட்டப்பட்டவை என்பது சாட்சிகள் முன்னிலையில் தெரியவந்தது. ஆகவே அடுக்கு பழையது என்ற பண்ணையின் வாக்குமூலம் ஏற்கத்தக்கதாக இல்லை. மனுதாரர் ராமாயி குறித்த தேதியில் மேற்படி மனையில் குடியிருந்ததாகக் கொண்டு, மனையை அவர் பெயருக்குப் பதிவு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. எழுதியதை உரக்கப் படித்தார். கர்ணம் கையெழுத்திட்டார். மீரா உசேன் கையெழுத்திட்டார். அரசப்பனும் ராமாயியும் ரேகை வைத்தார்கள். இராஜாங்கம் மறுத்தார். மறுத்ததையும் ஒரு வரியாக ஆர்.ஐ. எழுதினார்.

"பண்ணைக் கொல்லைப் பக்கம் இனிமே உளியோட வந்துராதீங்க ராவுத்தரே" என்றார் இராஜாங்கம்.

"தெரியுங்க" என்றார் மீரா உசேன். இனி மரத்துக்கு நன்னிலம் வரை போக வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். அந்தக் கணக்கை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அறிக்கையை மடித்து நீள உறையில் போட்ட பிறகு, ஆர்.ஐ.யின் தோல்பையில் அரக்குத் தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. மீரா உசேன் மடியை அவிழ்த்துக் கிண்ணத்துக்கு மெருகு ஏற்றுகிற சிவப்பு அரக்குக் குச்சியை நீட்டினார்.

"சாட்சிக்காரன் அரக்குலயா சர்க்கார் முத்திரை?" என்றார் இராஜாங்கம்.

"முத்திரை என்னுது" என்றார் ஆர்.ஐ. தீக்குச்சியைக் கிழித்தார். சிவப்பு உருகி உறையின் வாயில் சொட்டியது. பித்தளை முத்திரையை அழுத்தி, பத்து எண்ணி எடுத்தார். உடைந்த கிண்ணத்தைப் பழைய காடாப் பையிலேயே இட்டு அதற்கும் ஒரு முத்திரை.

இராஜாங்கம் மறுபடி மரியாதைக் குரலுக்கு வந்திருந்தார். "பண்ணைக் கார் இப்ப நன்னிலந்தான் போகுது சார். குடுத்தா நான் தாலுக்காபீசுல சேத்துடறேன்."

ஆர்.ஐ. அவரைத் தாண்டிக் கையை நீட்டி உறையையும் பையையும் தலையாரியிடம் கொடுத்தார். "ஒண்ணரை மணி பஸ்ஸு. நீயே போய் ஆபீஸ் தபால்ல குடுத்து ரசீது வாங்கிட்டு வா."

கோவிந்தராசு உறையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு இராஜாங்கத்தைப் பார்த்தான். அவன் வீடும் பண்ணைத் தெருவில்தான். கால் நகரவில்லை.

ராமாயி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "நட தம்பி. நானும் வர்றேன். ரசீதை என் கண்ணால பாத்துட்டுத்தான் திரும்புவேன்."

வாய்க்கால் கரையில் அவன் முன்னால், அவள் ஒரு கை தூரம் பின்னால். ரோட்டுக்கு ஏறும் இடத்தில் அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் முதுகில் கை வைத்து மேலே தள்ளினாள். பஸ் வந்து நின்று, இருவரையும் ஏற்றிக்கொண்டு, நன்னிலம் பக்கம் போயிற்று.